முதலிடத்துத் தட்டு

மருத்துவமனையின் மாடியில், சுவரெல்லாம் பஞ்சுப்பலகை அடித்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் காதைச் சோதிப்பது அவருடைய வேலை. வருபவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவார். காதில் விழுந்தால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். விழாததற்கும் அழுத்துகிறவர்கள் உண்டு. அவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் காதுக்காரர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்கு உள்ளூரப் பெருமை. நல்ல காது என்று உலகத்தில் ஒரு ஜோடி இருந்தால் அது தன் தலையின் இரண்டு பக்கமும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்பி வந்தார். அந்த நம்பிக்கைக்கு நேர்ந்த கதியைத்தான் சொல்லப்போகிறேன். பின்னாளில் இதை என்னைவிட நன்றாக, கைகால் ஆட்டி நடித்துக் காட்டிச் சொல்கிறவர் அவரேதான்.

வீட்டில் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. டீப் ஹவுஸ், டிரம் அண்ட் பேஸ் என்று இரண்டு வகை இசைத்தட்டுகள். முதலாவது, வயிறாரச் சாப்பிட்டவன் காலாற நடப்பதைப்போல ஒரே சீராகப் போகும். இரண்டாவதில் முரசுகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடும். அடியில் பேஸ் என்ற கனத்த தாழ்ந்த ஒலி மட்டும் எனக்கென்ன என்று மெதுவாக நகரும். இரண்டுமே அவருக்கு உயிர். கூடத்துச் சுவர் முழுவதும் தட்டு அலமாரி. சோபா இருந்த இடத்துக்கு அலமாரி வந்ததும் சோபா மைத்துனன் வீட்டுக்குப் போனது. விருந்தாளி வந்தால் தட்டுப்பெட்டியின்மேல் தலையணை போட்டு உட்காரவைப்பார். உட்கார்ந்தவரிடம், நீங்கள் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட பெட்டி என்று விளக்கத் தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு விருந்தாளிகள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

விடுமுறை நாள்களில் இரண்டு தட்டுச் சுழலிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை அதன் நடைக்கு இழைத்துச் சேர்த்து, மணிக்கணக்கில் ஓடும் மிக்ஸ் செய்வார். அதை இணையத்தில் ஏற்றுவார். கேட்டவர்கள் எண்ணிக்கை சில சமயம் இரட்டை இலக்கத்தைத் தொடும். அதில் பாதி, சரியாக ஏறியிருக்கிறதா என்று அவரே தன் போனிலிருந்தும் ஆஸ்பத்திரிக் கணினியிலிருந்தும் போட்டுப் பார்த்தது. ஆனால் அவர் சளைக்கவில்லை. ஆண்டு முடிவில் தனக்குப் பிடித்த தட்டுகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதுவார். அதில் 'ஆழம்' என்ற சொல் வராத பத்தியே இருக்காது. இந்த இசையை விரும்புகிற நாலு பேர் கூடும் இணையப் பக்கத்தில் அவருக்கு 'ஆழம் அண்ணன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைக் கிண்டல் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் பேஸ் அதிர்ந்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் அந்த அம்மாள் தடுத்ததில்லை. எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குக் காது கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆண்டுதோறும் அவருடைய கட்டுரையில் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு தட்டு. இசைத்தட்டுக் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் வாங்கிய பெட்டியின் அடியில் அது கிடந்தது. நடுவில் வெற்று வெள்ளைத்தாள். பெயர் இல்லை, ஆள் இல்லை, எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டு. மறுபக்கம் வழவழவென்று வெறுமை. வீட்டுக்கு வந்து சுழலியில் வைத்தார். சுழலியில் வேகப் பொத்தான்கள் இரண்டு: நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, நாற்பத்தைந்து சுற்று. முப்பத்துமூன்றில் இருந்தது. அப்படியே முள்ளை இறக்கினார்.

வந்தது ஒரு கனத்த, தளர்ந்த தாளம். டீப் ஹவுஸின் சீரான நடையும் இல்லை, டிரம் அண்ட் பேஸின் ஓட்டமும் இல்லை. உடைந்து உடைந்து, காலை இழுத்துக்கொண்டு போனது. அதன்மேல் ஒரு ஆண்குரல், கம்பளிக்குள்ளிருந்து வருவதைப்போல, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது: "தள்ளி நில்லு... நிழல் விழுது..."

அவர் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் மறுபடி போட்டார். அந்த வாரம் முழுக்க வேறு தட்டே அலமாரியிலிருந்து இறங்கவில்லை.

பிறகு எழுதத் தொடங்கினார். பாடுகிறவர் அறுபதைத் தாண்டியவர் என்று எழுதினார். வாழ்க்கையில் பெரிய இழப்பைக் கண்டவர், அநேகமாக மனைவியை இழந்தவர் என்று எழுதினார். நிழல் என்பது மரணம். தள்ளி நில் என்று மரணத்திடம் மன்றாடுகிறார். ஆனால் அந்த மன்றாட்டில் அவசரமே இல்லை பாருங்கள், அதுதான் ஆழம் என்று எழுதினார். டீப் ஹவுஸ் தட்டுகளோடு சேர்க்கும்போது இது மட்டும் எப்போதும் கொஞ்சம் முந்திப் போகும். சுழலியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை இறக்கி இன்னும் மெதுவாக்கினால்தான் ஒட்டும். அதையும் விடவில்லை. 'இந்தத் தட்டு நம்மிடம் பொறுமையைக் கேட்கிறது' என்று ஒரு பத்தி.

மனைவி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அந்த ஆளுக்கு உடம்புக்கு முடியலையா? பேட்டரி தீர்ந்த மாதிரி பாடுறாரே."

அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தில் தட்டிலிருந்த சாப்பாடு ஆறிப்போனது. மனைவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இப்படி வருஷங்கள் ஓடின. அந்த நகரத்தில் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் இணைய வானொலி ஒன்று நடந்துவந்தது. நடுவில் கண்ணாடி தடுத்த ஒரே அறை, இரண்டு மைக், கீழிருந்து எப்போதும் வரும் சோப்பு வாசனை. அதை நடத்திய பெண் அவருடைய கட்டுரைகளை எப்படியோ படித்திருந்தாள். ஞாயிறு பிற்பகலில் வந்து உங்களுக்குப் பிடித்த தட்டுகளைப் போட்டு, அவற்றைப் பற்றிப் பேசுங்களேன் என்று செய்தி அனுப்பினாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகம் தன்னைக் கண்டுகொள்ளக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பரவாயில்லை என்று பெருந்தன்மையாக எண்ணிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னார். சோதனைக்கு வந்த ஒருவரிடம்கூட, செவிக்கருவியைப் பொருத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இதை முதன்முதலில் எதற்குப் பயன்படுத்தலாம் என்று எடுத்துச் சொன்னார்.

ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனார். வானொலிக்கு எதற்கு இஸ்திரி என்று மனைவி கேட்கவில்லை. அவருக்கு ஞாயிறும் வண்டி இருந்தது. பணிமனையில் ஓய்வு நேரத்தில் போனில் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நிகழ்ச்சி நன்றாகவே தொடங்கியது. முதலில் டீப் ஹவுஸ் தட்டுகள் சில, பிறகு டிரம் அண்ட் பேஸ் சில. தட்டுகளின் இணைப்பில் பிசிறில்லை. வானொலிப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் முதலிடத்துத் தட்டை உறையிலிருந்து எடுத்து, மைக்கை அருகில் இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். இனி அரங்கேற்றம்தான். இழப்பு, முதுமை, நிழல், மரணம், பொறுமை, ஆழம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஒலியைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் குரலில் இருக்கும் கரகரப்பை யாரும் நடித்துக் கொண்டுவர முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு முள்ளை இறக்கினார்.

பாட்டு பாதி ஓடியிருக்கும். வானொலிப் பெண் எட்டிப் பார்த்து, யாரோ ஒருவர் லைனில் இருக்கிறார், இந்தத் தட்டைத் தெரியும் என்கிறார், பேசுகிறீர்களா என்று கேட்டாள். அவர் நெஞ்சு நிமிர்ந்தது. உலகத்தில் இந்தத் தட்டைத் தெரிந்த இன்னொரு ஜீவன். பாட்டின் ஒலியைக் குறைத்தாள். போனை ஒலிபரப்பில் இணைத்தாள்.

கனத்த, கரகரத்த குரல் ஒன்று வணக்கம் சொன்னது.

"வணக்கம், சொல்லுங்க சார்" என்றார்.

"சார் இல்லைங்க. மேடம்."

காதுக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். லைன் சரியில்லை என்றும் ஒரு சாக்கு சொன்னார்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் இறங்கிப்போச்சு, எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவாங்க. நான் திரைச்சீலைக் கடை வச்சிருக்கேன். தைக்கும்போது உங்க ரேடியோதான் ஓடும். இப்ப போட்டீங்களே, அது நான் பாடினது."

அவர் முதலில் நம்பவில்லை. நம்பாததை மரியாதையாகவும் சொன்னார்: பாடுவது ஆண்குரல், அதிலும் வயதானவர் குரல்.

"எனக்கு அப்போ பத்தொன்பது வயசுங்க" என்றது குரல். அதில் கோபம் இல்லை. வரவிருக்கும் சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்குவது தெரிந்தது. "நீங்க வேகத்தை மாத்திப் போட்டிருக்கீங்க. அது நாற்பத்தஞ்சுல ஓட்ட வேண்டிய தட்டு. நாங்க பண்ணது டிரம் அண்ட் பேஸு."

அவர் கண் சுழலியின் வேகப் பொத்தானுக்குப் போனது. வானொலிப் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிபரப்பில் அமைதி விழக்கூடாது என்று அவளே சமாளித்து, அந்த வரியைப் பற்றி, நிழலைப் பற்றிக் கேட்டாள்.

திரைச்சீலைக்காரப் பெண்மணி நடந்ததைச் சொன்னார். அந்தத் தட்டை உருவாக்கியவன் ஒரு தெரிந்த பையன். அவனுடைய படுக்கையறையில்தான் பதிவு. பாட்டுக்கென்று ஏதோ எழுதிக் கொடுத்திருந்தான். இவர் தாளைப் பார்த்துப் பாடப் போகும்போதெல்லாம் விளக்குக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். தாள் தெரியவில்லை. அதனால் இவர் அந்த ராகத்திலேயே சொல்லியிருக்கிறார், தள்ளி நில்லு, நிழல் விழுது என்று. அவனுக்கு எழுதியதைவிட அது பிடித்துப்போய்விட்டது. மாதிரிக்கென்று சில தட்டுகள் அடித்ததோடு சரி. பையன் வேறு ஊர் போய்விட்டான், தட்டு விற்பனைக்கே வரவில்லை. தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்றார் அவர்.

"ஒரு தடவை சரியான வேகத்துல போடுங்களேன். கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

காதுக்காரர் நாற்பத்தைந்தாம் பொத்தானை அழுத்தினார். முள் இறங்கியதும் அறை முழுக்க முரசுகள் தடதடவென்று ஓடின. கம்பளிக்குள்ளிருந்த கிழவர் காணாமல் போனார். அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண், கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் சிரிப்புமாக, தள்ளி நில்லு தள்ளி நில்லு என்று விரட்டிக்கொண்டிருந்தாள். மரணம் எங்கேயும் இல்லை. விளக்கை மறைத்துக்கொண்டு ஒரு மரமண்டைப் பையன் மட்டும் நின்றான்.

காது என்று பெயர் வாங்கியவர் தன் காதில் தானே பூச்சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் இத்தனை காலம். இந்தச் சொற்களிலேயே அவர் அதைப் பின்னால் சொல்வார். அப்போது அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: கீழே சலவை இயந்திரம் ஏதாவது காலியாக இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

மாலையில் மனைவி வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், அவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பணிமனையில் ஓட்டுநர்களும் நடத்துநர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் போனைச் சுற்றி நின்று கேட்டார்களாம். இனி வண்டியில் யாராவது வழியை மறித்து நின்றால் நடத்துநர்கள் இதே பாட்டைப் பாடுவதாக முடிவாகியிருக்கிறதாம்.

இணையப் பக்கத்தில் கூத்து இன்னும் பெரிது. பழைய கட்டுரைகளை அழித்துவிடலாம் என்று அவர் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் யாரோ எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிட்டார்கள். 'பொறுமையைக் கேட்கிறது' என்ற பத்தி மட்டும் தனியாக ஊர் சுற்றியது. அவருடைய மிக்ஸ்களைக் கேட்டவர்கள் எண்ணிக்கை முதன்முறையாக மூன்று இலக்கத்துக்குப் போனது. அதைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்ததுதான் அவருக்கே அவமானமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் செவிலியர் ஒருவர், தன் அப்பாவைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிவரலாமா, இல்லை வேறு இடம் பார்க்கட்டுமா என்று முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேட்டார்.

இவையெல்லாம் சில நாளில் அடங்கிவிட்டன. அடங்காதது வேறொன்று. அந்தத் தட்டில் பாடியவரிடம் அது இல்லை, தன்னிடம் இருக்கிறது. பாடியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை என்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தார். அந்த முடிவை அலமாரி வரைக்கும் எடுத்துப் போகப் பல வாரங்கள் ஆயின. தட்டில் தூசி இருக்கிறது, துடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று துடைத்தார். உறை பழசு, புது உறை வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டார். இரண்டு வேகத்திலும் பதிவு செய்து வைத்துக்கொண்டார். பிறகு, நகலை அவரிடம் கொடுத்துவிட்டு அசலை நாம் வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார். பாட்டு என்னவோ ஒன்றுதானே? இந்த வாதத்தை மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"அப்போ நகலை நீங்க வச்சுக்கிட்டு அசலை அவங்களுக்குக் குடுங்க. பாட்டு ஒண்ணுதானே" என்றார் மனைவி.

அடுத்த விடுமுறை நாளில், வானொலிப் பெண்ணிடம் முகவரி வாங்கிக்கொண்டு, தட்டை நெஞ்சோடு அணைத்தபடி திரைச்சீலைக் கடைக்குப் போனார். கையில் ஒரு சின்னச் சுழலியும் இருந்தது. கடை நீளமாக, ஒடுங்கி இருந்தது. இரண்டு பக்கமும் துணிச்சுருள்கள் நிமிர்ந்து நின்றன. நடுவில் பெரிய வெட்டுமேசை, அதன் ஓரத்தில் தையல் இயந்திரம், கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண்மணி. அவரைவிடச் சில வயது இளையவராக இருக்கும்.

தட்டை நீட்டினார். அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். வெள்ளைத்தாளில் பார்க்க எதுவுமில்லை; ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பைக் காதுக்காரர் தொடங்கினார். அது நீளமாக இருந்தது. அதிலும் ஓரிடத்தில் ஆழம் வந்தது.

"அதெல்லாம் விடுங்க, போடுங்க" என்றார் அம்மாள்.

நாற்பத்தைந்தில் போட்டார். அம்மாள் மேசையில் தாளம் போட்டார், சிரித்தார், இந்த இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறேன் பாருங்கள் என்று காட்டினார். முடிந்ததும் முள்ளைத் தானே தூக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "இந்தப் பொண்ணு குரலு எனக்கு இப்ப அந்நியமா இருக்குங்க. உங்க வேகத்துல போடுங்க."

அவர் தயங்கினார். கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தார். இல்லை. முப்பத்துமூன்றில் வைத்தார்.

கனத்த தாளம் காலை இழுத்துக்கொண்டு வந்தது. குரல் எழுந்தது. அம்மாள் துணியை மடித்துக்கொண்டே, அதே வரியை, அதே சுருதியில், சேர்ந்து பாடினார். தட்டிலிருந்து வந்ததும் அவர் தொண்டையிலிருந்து வந்ததும் ஒட்டிக்கொண்டு போயின. எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பாடியதே இல்லை என்றும், அன்றைக்கு ரேடியோவில் கேட்டபோதுதான், இப்போது பாடினால் என் குரல் இப்படித்தான் இருக்கும்போல என்று தோன்றியது என்றும் வரிகளுக்கு நடுவே சொன்னார். காதுக்காரருக்கு இதைப் பற்றிச் சொல்ல ஏராளம் இருந்தது. வாயைத் திறந்தார். அந்த அம்மாள் மறுபடி பாடத் தொடங்கிவிட்டதால் மூடிக்கொண்டார்.

அப்போது கடைக்குள் ஒருவர் நுழைந்தார். படுக்கையறை ஜன்னலுக்குத் திரை வேண்டுமாம், வெயில் தாங்க முடியவில்லையாம். அம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நீலச் சுருளை இழுத்துப் பிரித்து, துணியின் ஒரு முனையைக் காதுக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதைத் தோளுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் துணியைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுழலியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. யாருங்க பாடுறது?" என்று காதுக்காரரிடமே கேட்டார்.

"அவங்களையே கேளுங்க" என்றார் காதுக்காரர்.

"நான்தான்" என்றார் அம்மாள். "ஜன்னல் என்ன அகலம்னு சொல்லுங்க. நீங்க கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க, தரையில படுது."

அவர் உயர்த்திப் பிடித்தார்.